கண்ணால் காணாத கையெழுத்து

முதலில், பூவலூர் நகரசபை ஏரியைச் சாய ஆலைக்குக் குத்தகைக்கு விட்டது. அடுத்து, மீன்கள் செத்து மிதந்தபோது வெயிலைக் காரணம் சொன்னது. அதன்பின், கிணறுகள் சிவந்தபோது வேறு ஊர் பார்த்துக்கொள்ளச் சொன்னது. கடைசியாக, கேட்கப் போனவர்களைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தது.

மிச்சம் இருந்தது ஒரு சட்டம். போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்டால், குத்தகையை ஊரார் வாக்குக்கு விட்டே ஆகவேண்டும். ஆனால் கையெழுத்து வாங்குபவர் அதற்கெனப் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். ஒவ்வொருவரும் கையெழுத்திடுவதைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தாளின் அடியில் சத்தியம் செய்யவேண்டும். ஒன்று பொய்யானாலும் அந்தத் தாளே செல்லாது.

குருவம்மாள் அப்படிப் பதிவு செய்தவள். அவள் போனபோது பூங்கொடி பிள்ளை பெற்றுத் தீட்டறையில் இருந்தாள். வெளியாள் உள்ளே போவது வழக்கமில்லை. மாமியார் பேச்சியம்மாள் தாளை உள்ளே கொண்டுபோய், கையெழுத்தோடு திருப்பித் தந்தாள். தன் பெயரைப் போட மறுத்துவிட்டாள். ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. “மருமக போட்டா, சின்னப் பொண்ணு தெரியாம போட்டுட்டான்னு சமாளிச்சுக்கலாம்.”

கடைசி நாள் மாலை. நகரசபை வராந்தாவில், சத்தியம் எழுதப் போன குருவம்மாளின் கை நின்றது.

“பூங்கொடி போட்டதை நான் பார்க்கலையே அண்ணே.”

“பெரிய நீதிபதி வந்துட்டா! அவ போட்டதுதானே? எழுதும்மா,” என்றார் போராட்டத் தலைவர் இடும்பன்.

“நான் பார்த்தேன். நான் சத்தியம் பண்றேன்,” என்றாள் உடன் வந்திருந்த பேச்சியம்மாள்.

குருவம்மாள் அந்தப் பெயரை அடித்தாள். சட்டம் கேட்ட கணக்குக்கு ஒரு பெயர் குறைந்தது. பூங்கொடி வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. கூட்டம் அவளை ஏசியது.

இந்த மூவரில் யார் சொன்னது சரி, வாசகரே?

குருவம்மாள்தான். சட்டம் கேட்டது கையெழுத்து யாருடையது என்பதை மட்டுமல்ல, வாங்கியவள் பார்த்தாளா என்பதையும். பேச்சியம்மாள் பார்த்தாள், ஆனால் கையெழுத்து வாங்கப் பதிவு செய்தவள் இல்லை. ஏரியைக் கொடுத்தபோது யார் பார்த்தது என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. நம் கையெழுத்துக்கு மட்டும் கண் சாட்சி வேண்டுமாம். அதற்காகப் பொய் சொன்னால், உள்ளே காத்திருந்த ஆலை வக்கீல் தாளையே சாய்த்திருப்பார்.

பேச்சியம்மாள் குருவம்மாளிடம் கையை நீட்டினாள்.

“பேனாவைக் குடுடி. நல்லா பார்த்துக்கோ.”

குருவம்மாள் பார்த்தாள். சத்தியம் எழுதித் தாளை உள்ளே கொடுத்தாள். கடைசிப் பெயரைத் தெரு, தொழிலோடு சாட்சிகள் முன் வாசிப்பது விதி. நகரசபை எழுத்தர் எழுந்து, ஆலை வக்கீலின் காதில் விழும்படி வாசித்தார்:

“பேச்சியம்மாள், மேட்டுத் தெரு, சாய ஆலைத் துப்புரவுத் தொழிலாளி.”