துரை வீட்டு விருந்தும் தலையாட்டிப்பட்டிப் பாலமும்

மேற்கு மலையடிவாரத்தில் தலையாட்டிப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள், சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். மழை வந்தால் மாட்டை உள்ளே கட்டு என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். நல்ல வெயிலில் எவனாவது வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனாலும், மழை இன்னும் வரவில்லையே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஊர் நாட்டாமை சுருளியாண்டி. ஊரிலேயே பெரிய புத்திசாலி அவர்தான். இதை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மார்கழி மாதம் அவருக்குப் பெரிய கவலை வந்தது. ஒரே மகள் பேச்சியை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு அழைத்து வந்தாக வேண்டும். ஆறோ ஐப்பசியில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. இடுப்பளவு தண்ணீர், ஆளை இழுக்கிற வேகம். பிள்ளைத்தாச்சியை அதில் எப்படி இறக்குவது? மனுஷனுக்குத் தூக்கம் போச்சு, சோறு இறங்கவில்லை.

பாலம் போட்டுக்கொடுக்கிற அதிகாரம் ஜில்லாவை ஆண்ட பெரிய துரையிடம் இருந்தது. அவர் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மலைமேல் பார்ட்டன் துரையின் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுக்கு வருவதாக இருந்தது. சுருளியாண்டி ஓடிப்போய் பார்ட்டன் துரையிடம் முறையிட்டார்.

பார்ட்டன் துரைக்கும் ஒரு துக்கம் இருந்தது. அவர் நாட்டுச் சாப்பாட்டை வேற்று நாட்டான் ஒருத்தன்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவர் வீட்டில் விருந்துண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஒரு வாய் வைத்துவிட்டு, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று துக்கம் விசாரித்தார். போர்த்துகீசியர் ஒருவர் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டார். இப்படிக் கேட்டுக் கேட்டுப் பெரிய துரைக்கும் மனசு விட்டுப்போயிருந்தது.

“நீங்கள் மூன்று பேர் வாருங்கள். பெரிய துரை பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். அவர் மனம் குளிர்ந்தால் பாலம் வந்த மாதிரிதான்” என்றார் பார்ட்டன் துரை.

சுருளியாண்டி, ஒச்சப்பனையும் மொக்கைச்சாமியையும் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் அவருக்கு ஆலோசனை சொல்லும் மந்திரிமார் போல. வாசலிலேயே பட்லர் ஆரோக்கியம் அவர்களை நிறுத்தினார்.

“ரெண்டே விஷயம். தட்டுல எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. தொரை எதைக் கேட்டாலும் ‘வெரி குட்’னு மட்டும் சொல்லணும். வேற வாயே தொறக்கப்படாது. புரிஞ்சுதா?”

“வெரி குட்” என்றார்கள் மூவரும்.

முதலில் வெந்நீர் மாதிரி ஒன்று வந்தது. கை கழுவவா குடிக்கவா என்று தெரியாததால் பாதியில் கழுவி மீதியைக் குடித்தார்கள். பிறகு அவித்த உருளைக்கிழங்கு வந்தது. அவித்த முட்டைக்கோஸ் வந்தது. அவித்த பட்டாணி வந்தது. அவற்றுக்கு நடுவே அவித்த ஆட்டுக்கறி, தான் ஆடாக இருந்ததையே மறந்துபோய்க் கிடந்தது.

ஒச்சப்பன் குசுகுசுத்தான். “நாட்டாமை, உப்பில்ல, புளியில்ல, காரமில்ல. இது பத்தியச் சாப்பாடுல்ல?”

“ஆமப்பா. யாருக்கு மேலுக்கு முடியல?”

“எல்லாருந்தான திங்கிறாக. அப்ப எல்லாருக்குந்தான்.”

“அதான் இப்பிடி வெளுத்துக் கெடக்காக” என்றான் மொக்கைச்சாமி. “ஆமா, நம்ம ஊரு மொளகுக்காகத்தான் கப்பலேறி வந்தாகன்னு சொல்லுவாகளே, அந்த மொளகையெல்லாம் என்னா பண்ணுனாக?”

“வித்திருப்பாக. பத்தியத்துல இருக்கவன் மொளகு திங்கலாமாடா, கூறுகெட்டவனே?”

சுருளியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நோவை உடம்பில் வைத்துக்கொண்டா நம்மை ஆள்கிறார்கள், பாவம் என்று உருகினார். உருகிக்கொண்டே தட்டைக் காலி செய்தார். அலங்காரத்துக்கு வைத்த இலையும் போயிற்று. எலும்பின் முனையில் சுற்றியிருந்த காகிதமும் போயிற்று. மொக்கைச்சாமி மட்டும் கத்தியால் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

“என்னடா?”

“தட்டுக்கு நடுவுல ஒரு ரோசாப்பூ இருக்கு. வரமாட்டேங்குது.”

“மிச்சம் வைக்காத. அழுத்திச் சொரண்டு.”

அந்த நேரம் பார்த்து பட்லர், கறுப்பாக உருண்டையாக ஒன்றைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். அதன்மேல் நீல நிறத்தில் சுவாலை எரிந்தது. கிறிஸ்துமஸ் புட்டிங் என்கிற பலகாரம் அது. சாராயம் ஊற்றிக் கொளுத்துவது அவர்கள் வழக்கம்.

மூவரும் சட்டென்று எழுந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டினார்கள். சுவாலையை இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருநீறு கேட்டுக் கை நீட்டினான்.

பெரிய துரை நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். உலகம் பூராவும் பார்த்துச் சிரித்த அந்தப் பலகாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் ஒரு ஜனம் இருக்கிறதே! மெல்லத் தமிழில் விசாரித்தார்.

“சாப்பாடு எப்படி இருந்தது?”

“வெரி குட்.”

“உங்கள் ஊர் ஆற்றில் போன மழைக்கு மாடெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்றாமே?”

“வெரி குட்.”

“பாலம் இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள்?”

சுருளியாண்டிக்கு மகள் முகம் கண்முன் வந்து நின்றது. ஐயா, என் பிள்ளை அக்கரையில் தவிக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தார். எதிரே பட்லர் ஆரோக்கியம் நின்றார். சொன்ன சொல்லைத் தட்டலாமா?

“வெரி குட்” என்றார், அழுதுகொண்டே.

அந்தக் கண்ணீரைப் பெரிய துரை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குள் நெருப்பு அணைந்திருந்தது. ஆளுக்கொரு துண்டம் தட்டில் விழுந்தது. கடித்துப் பார்த்த ஒச்சப்பனுக்குப் பல் ஆடியது. சாமியைத் தின்னலாமா என்று மொக்கைச்சாமிக்குச் சந்தேகம்.

“நெருப்பு அணைஞ்சா சாமி மலையேறிருச்சுன்னு அர்த்தம். இனிமே இது வெறும் கல்லு” என்று தீர்ப்புச் சொன்னார் நாட்டாமை.

“கல்லத் திங்க முடியாதே. மிச்சமும் வைக்கக் கூடாதே.”

யோசித்து, துண்டங்களைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். காலித் தட்டுகளைப் பார்த்த பெரிய துரை அங்கேயே உத்தரவு போட்டார். பாலம் இல்லாமலே நன்றாக இருப்பதாக ஊராரே சொல்வதால் பாலம் தேவையில்லை. அவர்களுக்குப் புட்டிங்தான் கொடுக்க வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

மலையிலிருந்த துரைமார்கள் வீட்டிலெல்லாம், வருஷா வருஷம் சீமையிலிருந்து உறவுக்காரர்கள் அனுப்பிய புட்டிங் தொடப்படாமல் குவிந்து கிடந்தது. தலையாட்டிப்பட்டியார் கேட்கிறார்கள் என்றதும், மனம் மாறிவிடப்போகிறார்களே என்று அன்றைக்கே வண்டி கட்டி அனுப்பிவிட்டார்கள். ஆற்றங்கரையில் புட்டிங் ஒரு குன்றாக நின்றது. நாய் மோந்து பார்த்துவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. கோடாலியால் வெட்டினால் கோடாலிதான் வாய் மழுங்கியது.

சுருளியாண்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “எம்மக அங்க கெடக்கா, எனக்கு இந்த எழவு ஒரு கேடா!” என்று ஒன்றைத் தூக்கி ஆற்றில் வீசினார். அது விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. வெள்ளம் முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிற்று.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஊரே இறங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அக்கரைவரைக்கும் புட்டிங்கிலேயே பாதை போட்டுவிட்டார்கள். பேச்சி வளையல் குலுங்க, கால் நனையாமல் நடந்து வந்து அப்பன் வீட்டில் ஆண்பிள்ளை பெற்றாள்.

சுருளியாண்டிக்குப் புதுக் கவலை பிறந்தது. வெள்ளைக்காரன் எவனாவது பசியோடு வந்தால் பாலத்தைத் தின்றுவிடுவானே! உடனே மொக்கைச்சாமியைக் காவல் போட்டார். துரை யார் வந்தாலும் அவன் வழிமறித்து, “சாப்பிட்டாச்சா தொரை?” என்று கேட்பான். இல்லை என்றால், சோறும் அயிரைமீன் குழம்பும் மூக்குமுட்டப் போட்டுத்தான் பாலத்தில் விடுவான்.

விஷயம் மலையெல்லாம் பரவியது. அந்தப் பக்கம் வேலையே இல்லாத துரைமார்களும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நின்றார்கள். பார்ட்டன் துரை காலையும் மாலையும் வந்தார். பெரிய துரையே குதிரையில் வந்து, சாப்பிட்டு மூன்று நாளாயிற்று என்று வயிற்றைத் தடவிக் காட்டினார்.

சுருளியாண்டி நடுங்கிப்போனார். “பாத்தியாடா? பாலத்தைத் திங்க எம்புட்டு வெறியோட வாரானுங்க!” என்று சொல்லி, இன்னொரு அண்டா குழம்பு வைக்கச் சொல்லிவிட்டுக் காவலை இரட்டித்தார்.