பந்தல் ஆணிகளுக்குள் கம்மல்

எங்கள் மதினி ரோஸ்லின் போன ஈஸ்டருக்கு வந்தபோது சொன்னது இது.

கல்யாணப் பந்தல் பிரித்து ஆணிகள் சிதறிக் கிடந்த வீட்டு முற்றத்தில் காண்டிராக்டர் மனைவியின் தங்கக் கம்மல் தொலைந்தது. பழி வேலைக்காரி மரியபுஷ்பத்தின் மேல் விழுந்தது.

"நம்ம மெஷின் இரும்பைக் கண்டுக்காது, தங்கத்தை விடாது!" என்று காண்டிராக்டர், மண்ணுக்குள் தங்கம் கிடந்தால் கத்தும் மெட்டல் டிடெக்டரை முற்றமெல்லாம் ஓட்டினார். அது வாயே திறக்கவில்லை.

"ஏட்டி, நீதான் எடுத்திருக்கே. போலீஸைக் கூப்பிடுறேன்!" என்று அவர் மரியபுஷ்பத்தின் மேல் பாய்ந்தார்.

"முதலாளி, உங்க மோதிரத்தை இந்தப் பந்தல் ஆணிகளுக்கு நடுவில வச்சு ஓட்டிப் பாருங்க" என்றாள் அவள்.

வைத்து ஓட்டினார். மெஷின் அப்போதும் கப்சிப்.

"இரும்பு பக்கத்தில இருந்தா இதுக்குத் தங்கமும் தெரியலையே! அப்போ மோதிரத்தையும் நான்தான் எடுத்தேனா?"

வேடிக்கை பார்த்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆணிகளைப் பொறுக்கிவிட்டு ஓட்டியதும் மெஷின் கத்தியது, மண்ணுக்குள் கம்மல்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மரியபுஷ்பம் தலைநிமிர்ந்து வீடு போனாள்.

உங்கள் முற்றத்தில் ஆணி கிடந்தால் பொறுக்கிப் போட்டுவிடுங்கள், என்ன?