தாதி வந்த வழி

“டீச்சர், இந்தப் பொடியெழுத்தையெல்லாம் நான் படிக்கணுமா?”

அருள்மாணிக்கம் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தின் நடுவில் நாலே வரி ஆதியாகமம், எபிரெயத்தில். நாலு பக்கமும் அதை நெருக்கிக்கொண்டு பழைய உரைகள்.

“படிச்சா என்ன அண்ணே?”

“எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஆளுக. நல்ல அகராதிகூடக் கிடையாது. எனக்கு மூலம் போதும்.”

சலோமி டீச்சர் அவரைவிட இளையவள். பாளையங்கோட்டையில், சபை நூலகத்தின் பின்னறையில் எபிரெயம் சொல்லிக்கொடுக்கிறவள். வருகிற மாணவர் இவர் ஒருவர்தான்.

மேசையில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். கத்தரிக்கோலால் நடுவில் ஒரு சதுரம் வெட்டினாள். பொண்ணும் மாப்பிள்ளையும் கீழே விழுந்தார்கள். சுற்றிலும் சொந்தக்காரர்கள் பெயர் மட்டும் மிஞ்சியது.

அதைப் பக்கத்தின்மேல் வைத்தாள். உரை மறைந்தது. நாலு வரி மட்டும் தெரிந்தது.

“இனி உங்களுக்கும் வேதத்துக்கும் நடுவுல ஒருத்தரும் இல்லை. சந்தோஷமா?”

“சந்தோஷம்.”

*

இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்தவர் அருள்மாணிக்கம். ஊர் திரும்பியபோது அம்மாவின் கல்லறையில் சிமெண்டு காய்ந்திருந்தது.

சின்ன வயதில் குடும்ப ஜெபத்துக்கு அம்மாதான் வாசிப்பாள். இவர் தூங்கி விழுவார். அம்மாவுக்குக் கல்யாணமானபோது பிறந்த வீட்டிலிருந்து கூடவே வந்த புஷ்பக்கா, பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் கிள்ளுவாள்.

யாக்கோபு வீட்டைவிட்டுப் போகிற இடம் வந்தால் அம்மாவின் குரல் இறங்கிவிடும். கொஞ்ச நாள் அங்கே இரு, பிறகு நானே ஆளனுப்பி உன்னை வரவழைக்கிறேன் என்று ரெபெக்காள் மகனிடம் சொல்கிற இடம்.

அந்தக் குரல் இனிக் கிடைக்காது. அந்த வரிகளையாவது அவை பிறந்த மொழியில் படிக்கலாம் என்றுதான் இங்கே வந்தார்.

*

மழை போய்ப் பனி வந்தது. பத்திரிகை அட்டையில் வெட்டிய சன்னல் பக்கம் பக்கமாக நகர்ந்தது.

ஒரு நாள் புத்தகத்தைத் தள்ளிவைத்தார்.

“இந்தம்மா ஏமாத்திட்டா, டீச்சர்.”

“எந்தம்மா?”

“ரெபெக்காள். ஆளனுப்புவேன்னு சொன்னா. கொஞ்ச நாள் இருபது வருஷமாச்சு. ஆள் எங்கே அனுப்பினா? அவ செத்ததைக்கூட வேதத்துல எழுதலை.”

டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ரெபெக்காளைத்தான் கேக்கீங்களா, அண்ணே?”



“எங்கம்மா ஒரு தடவைகூட வான்னு சொல்லலை. போன் பண்ணினா, சாப்பிட்டியா, அங்கே குளிரா... அவ்வளவுதான். கூப்பிடணும்னே தோணலையா அவளுக்கு? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு.”

“இன்னைக்கு எந்த இடம் படிச்சீங்க?”

“ஊருக்குத் திரும்புற வழியில பெத்தேல் பக்கம் யாக்கோபு வாறான். தெபொராள்னு ஒரு கிழவி சாகுதா. மரத்தடியில புதைக்காங்க. ஒரே அழுகை. ஒரு வரிதான், தாண்டி வந்துட்டேன்.”

“யாரு அவ?”

“ரெபெக்காளோட தாதி. கல்யாணமாகி வரும்போது கூட வந்தவ.”

“அப்போ ரெபெக்காள் வீட்டுல இருக்க வேண்டியவ.”

“ஆமா.”

“மகன் வாற வழியில அவளுக்கு என்ன சோலி?”

அவர் குனிந்து அந்த வரியை மறுபடி படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“அது இதுல இல்லை.”

டீச்சர் அட்டையை எடுத்தாள். பொடியெழுத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தாள்.

அவர் எழுத்துக்கூட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினார்.

ரெபெக்காள் அனுப்பியது இவளைத்தான். சொன்னபடி, மகனை அழைத்துவர. திரும்புகிற வழியில் இறந்துபோனாள்.

“இது வேதத்துல இல்லையே, டீச்சர்.”

“இல்லை.”

“பிறகு இந்த உரைக்காரருக்கு எப்படித் தெரியும்?”

“இவருக்கும் தெரியாது. இன்னொருத்தர் சொல்லிக் கேட்டேன்னு எழுதியிருக்காரு பாருங்க. அந்தக் கிழவி இங்கே என்ன பண்ணுதான்னு ரெண்டு பேரும் கேட்டிருக்காங்க.”

அருள்மாணிக்கம் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா இருக்கும்போது, புஷ்பக்கா ஒரே ஒரு தடவை போன் பண்ணினா. அப்போ வீட்டுல அம்மாவும் அவளும்தான்.”

“என்ன சொன்னா?”

“புறவாசல் மாமரம் காய்ச்சுத் தொங்குது, எப்போ வாறேன்னு கேட்டா. இதுக்கா போன் பண்ணினேன்னு சிரிச்சேன். பார்க்கலாம்க்கான்னு வச்சுட்டேன்.”



அட்டை அவர் கையிலிருந்து மேசையில் விழுந்தது.

“டீச்சர்.”

“சொல்லுங்க அண்ணே.”

“புஷ்பக்காவுக்கு நம்பர் போடத் தெரியாது.”