ராக்கியண்ணன் காட்டுப் புல்

ராக்கியண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. இருப்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வார், அவ்வளவுதான். என்ன, அவர் நீட்டி முடிக்கும்போது இருந்தது எது என்று அவருக்கே அடையாளம் தெரியாது. அவர் சம்சாரம் பாவாத்தாளுக்கு இது புதுசில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் அவர் வாயை எப்படிக் கட்டுவது என்பதே அவள் யோசனை.

வெள்ளகோவில் பக்கம் கிளுவங்காட்டுப்புதூரில் அவர்களுக்கு ஒரு கொரங்காடு. ஏர் பூட்டாமல், சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, ஆடுமாடு மேய்வதற்கென்றே விட்டு வைத்திருக்கிற புல்காட்டைத்தான் அங்கே கொரங்காடு என்பது. மழை ஏமாற்றி, வேலி அங்கங்கே ஓட்டை விழுந்து, ஊர் ஆடெல்லாம் உள்ளே புகுந்து, இப்போது அது செம்மண்ணும் ஓடைக்கல்லுமாகக் கிடந்தது. "இந்தப் பொட்டக்காட்டை எதுக்கு வெச்சிருக்கறீங்க? சோலார் கம்பெனிக்காரன் குத்தகைக்குக் கேக்கறான், விட்டுரலாம்" என்று திருப்பூரிலிருந்து மகன் வாரம் தவறாமல் போன் போட்டான். சோலார் தகடு நட்ட காட்டில் அப்புறம் ஆடு நுழையாது. அதை நினைத்தாலே பாவாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அரசாங்கத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. என் கொரங்காட்டை உழமாட்டேன், விற்கமாட்டேன் என்று யார் தானாக முன்வருகிறார்களோ அவர்களுக்கு வேலி அடைக்கவும் புல் விதை தூவவும், புல் எழும்வரை ஆட்டுக்குத் தீனி வாங்கவும் பணம். கட்டாயம் கிடையாது, விருப்பமிருந்தால் வரலாம். அது கிடைத்தால் காடு தங்கும், கிடைக்காவிட்டால் தகடுதான் என்று மகனோடு பேசி முடித்திருந்தாள்.

கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொன்னாள். "ஏனுங், அங்க நீங்க வாயே தொறக்கப்படாது. நான் பேசிக்கறேன்."

"எனக்கென்ன, நான் ஊமையாட்ட உக்காந்துக்கறேன்" என்றார் ராக்கியண்ணன்.

பால் சொசைட்டி வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். மரகதவல்லி என்று பெயர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விவரம் கேட்டுக்கொண்டு போவது அன்றைய வேலை. காட்டை வந்து பார்ப்பதெல்லாம் பிறகு எப்போதோ என்று சொல்லிவிட்டார்.

"உங்க காட்டுல புல்லு எப்படிங்கம்மா இருக்கு?"

பாவாத்தாள் தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலுக்குள் ராக்கியண்ணன் புகுந்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆயுசு முழுக்கக் காளைக்கன்று வளர்த்துச் சந்தையில் விற்ற மனுசன். கையில் பணத்தோடு வந்து 'எப்படி இருக்கு' என்று ஒருத்தர் கேட்டால், நொண்டி மாட்டைக்கூட ஓட்டக்காளை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"புல்லுங்களா? எங்க காட்டுக்குள்ள மாட்டை உட்டா கொம்பு நுனி மட்டும்தானுங்க தெரியும்."

பாவாத்தாள் அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

"ஒரு ஐப்பசில எங்க கெடாரி ஒண்ணு உள்ள போச்சுங்க. ஆளே காணோம். தேடாத எடமில்லை. அடுத்த பொங்கலுக்கு அதுவா வெளிய வருது, பின்னால ரெண்டு கன்னுக்குட்டி."

ஆட்டுக்காரர் பொங்கியண்ணன் பக்கத்து பெஞ்சில் இருந்தார். ராக்கியண்ணன் சொல்கிற எதையும் அவர் நம்பி ஊரில் யாரும் பார்த்ததில்லை. "கன்னுக்கு அப்பன் யாருங்கண்ணா?" என்றார்.

"அதும் உள்ளதான் இருக்குது. இன்னும் வெளிய வரலை."

அதிகாரியம்மா பேனாவை மூடிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஆள் கேட்கிறார் என்று தெரிந்ததும் ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வளர்ற வேகம் இருக்குதே, அதைச் சொல்லோணும். பொழுதெறங்க ஆட்டுக்குட்டி ஒண்ணு அசந்து புல்லு மேல படுத்துருச்சுங்க. விடியக்காலம் பாத்தா பனைமர உசரத்துல நின்னு கத்துது. ஏணி வெச்சுத்தான் எறக்குனோம்."

"ஏணி யாரு ஊட்டுதுங்ணா?" என்றார் பொங்கியண்ணன்.

"உன்னுதுதான். கேட்டா குடுக்கமாட்டீன்னு கேக்காம எடுத்துட்டு வந்தேன்."

சொசைட்டிச் செயலாளர் உள்ளேயிருந்து தலையை நீட்டினார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"இவுங்களையே கேளுங்க. அந்தப் புல்லைத் தின்ன மாட்டுப் பாலைக் கொண்டாந்தா, பால்மானி முழுகவே இல்லை. மேலயே நிக்குது, தரைல வெச்சாப்பல. கேனைக் கவுத்தா பாலு உழுகமாட்டீங்குது. அப்புறம் அருவாள்ல அறுத்துத் துண்டு போட்டுத்தான் குடுத்தேன்."

"எப்பங்க அது?" என்றார் செயலாளர்.

"நீங்க அன்னைக்கு லீவு. அட, அதெல்லாம் போகட்டும். மேகம் போகுதுங்களே, எங்க காட்டுக்கு மேல வந்தா புல்லு நுனி குத்தி ஓட்டையாயிரும். மழை எங்களுக்கு மட்டும் பேயும். பொங்கியண்ணன் காடு காஞ்சு கெடக்கறதுக்கு அதுதானுங்க காரணம்."

அதிகாரியம்மா சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "ரொம்பச் சந்தோசங்க. இது புல்லு அழிஞ்சுபோன காட்டுல மறுபடியும் கொண்டு வர்றதுக்குக் குடுக்கற பணம். உங்களுக்குத் தேவைப்படாது. அடுத்தது யாருங்க?"

பாவாத்தாள் அவரைத் திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "பையனுக்குப் போனைப் போட்டு, தகட்டைக் கொண்டாந்து நடச் சொல்லிருங்க" என்றாள், மெதுவாக.

ராக்கியண்ணன் முகம் சுண்டிவிட்டது. ஒரு நிமிசம்தான், அதிகாரியம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நில்லுங்க. நான் சொன்னது அப்போ. இப்போ கேட்டீங்கன்னா, எங்க காட்டைத் தாண்டிப் போற எறும்பு தூக்குப்போசில சோறு கட்டிட்டுப் போகுதுங்க."

அடுத்த பெயருக்குப் போன பேனா திரும்பி வந்தது.

"காத்தடிச்சா சத்தமே வராது. ஆட்டறதுக்கு ஒண்ணுமில்லாம காத்து வேலியோரம் குந்தியிருந்துட்டுப் போகுது. மொத்தக் காட்டுக்கும் ஒரே ஒரு புல்லுதான் இருக்குது. ஆடுங்க அதைத் திங்கறதில்லை, வரிசைல நின்னு பாத்துட்டுத் திரும்புதுங்க. குட்டி போட்டா மொதல்ல அதுகிட்டக் கூட்டிட்டுப் போயி, இதுதான் கண்ணு புல்லுன்னு காட்டுதுங்க."

"அண்ணா, மொதல்ல சொன்னதுக்கும் இதுக்கும் நடுவுல எதாவது இருக்குங்களா?" என்றார் அதிகாரியம்மா.

"நடுவுல காடு இருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன். "போய்ப் பாத்துருங்க. இந்த மனுசனைக் கேட்டு எழுதுனா உங்க வேலை போயிரும்."

அதிகாரியம்மா எழுந்து செருப்பை மாட்டினார்.

காட்டுப் படலைத் திறந்துவிட்டதும் ராக்கியண்ணன் வாய் தானாக மூடிக்கொண்டது. வெயிலில் கல் பளபளத்துக் கிடந்தது. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து. நீட்டிச் சொல்ல அவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை போலும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

பாவாத்தாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கையால் விலக்கினாள். ஒரு கொழுக்கட்டைப் புல்லின் அடிக்கட்டை, கருகின தலையோடு. கிள்ளிக் காட்டினாள், உள்ளே பச்சை. "வேரு சாகலீங்க. வேலிச் சந்தை அடைச்சு, ஒரு மழைக்காலம் ஆடு வாய் வெக்காம உட்டா எந்திரிச்சுரும். அதுவரைக்கும் தீனி வாங்கிப் போடத்தான் எங்களுக்குத் தெம்பில்லை."

அதிகாரியம்மாவும் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தார். பிறகு, "சேத்துக்கறேங்கம்மா" என்றார். "பத்து வருசம் இதை உழமாட்டோம், விக்கமாட்டோம், வேற எதுக்கும் விடமாட்டோம்னு நீங்களா விருப்பப்பட்டுச் சொல்லணும்."

ராக்கியண்ணன் இரண்டே எட்டில் முன்னால் வந்து நெஞ்சில் கை வைத்தார். "பத்து வருசமென்னங்க, சூரியன் சந்திரன் இருக்கற வரைக்கும் நானு..."

"பத்துப் போதுங்க. அதையும் அம்மா சொல்லட்டும்."

பாவாத்தாள் சொன்னாள். அதிகாரியம்மா எழுதிக்கொண்டு ஜீப் ஏறினார்.

ஜீப்புத் தூசி அடங்குகிறவரைதான் ராக்கியண்ணனுக்குப் பொறுமை. "பாத்தியா பாவாத்தா? நீ பேசியிருந்தா பேரை எழுதிட்டு அப்படியே போயிருக்கும் அந்தப் புள்ள. நான் பேசுனதுனாலதான் காடு வரைக்கும் வந்துச்சு, கையோட சேத்துட்டும் போச்சு."

பாவாத்தாள் நினைத்துப் பார்த்தாள். காலையிலிருந்து அவர் பேசினதில் அது ஒன்றுதான் நிசம். ஆனால் ஒப்புக்கொண்டால் இந்த ஊரில் இனி மனுசர் குடியிருக்க முடியாது.

"மொதல்ல அந்தச் சந்துல முள்ளை வெட்டிப் போடுங்க" என்றாள். "பொங்கியண்ணன் ஆடு வருது."