லெவல் கிராசிங்கில் மின்னிய விளக்கு

பொத்தனூரில் பெனிட்டா என்றொரு பெண் மாதிரி ரயில்கள் செய்யக் கற்றுக்கொடுத்து வந்தாள். அவளிடம் பாடம் கேட்க வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் மருதாசலம். பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு அவர் மகளின் வயதுதான். இருந்தும் வாய் நிறைய ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவார்.

பெரிய மேஜையின் மேல் நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தார். அதை ஒரு சாலை குறுக்கே கடந்தது. தடுப்புக் கட்டை இல்லாத லெவல் கிராசிங் அது. ஓரத்துக் கம்பத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். ரயில் வரும்போது அவை மாறி மாறி மின்ன வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சென்சார் அவற்றை எரியவைக்கும். ரயில் சாலையைத் தாண்டியதும் இன்னொரு சென்சார் அணைக்கும்.

முதலில் இரண்டு விளக்கும் சேர்ந்தே எரிந்தன. பெனிட்டா ஒரு ஒயரைப் பிடுங்கி இடம் மாற்றினாள். மாறி மாறி மின்னின. ஆனாலும் மருதாசலத்துக்குத் திருப்தி இல்லை.

“ரயில் கிட்ட வந்த பொறகுதானுங்க மின்னுது, டீச்சர். இன்னும் முன்னாடியே மின்னோணும்.”

“தள்ளி வெச்சுப் பாருங்க, சார்.”

எரியவைக்கும் சென்சாரைப் பெயர்த்து ஒரு சாண் பின்னால் வைத்தார். அடுத்த முறை வந்தபோது இன்னும் ஒரு முழம். அவள் தடுக்கவில்லை.

பிறகொரு நாள் முகம் தொங்கிப்போய் வந்தார். மகள் கோகிலவாணி வீட்டைவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாளாம். போன வருஷம் லெவல் கிராசிங்கில் ஸ்கூட்டரோடு விழுந்து கால் ஒடிந்து தேறியவள். அன்றிலிருந்து அவள் கிளம்பினால் இவரிடமிருந்து ஒரு போன், பாதி வழியில் ஒரு போன், போய்ச் சேர்ந்தால் ஒரு போன்.

“‘உங்க போன் வந்தா இப்பெல்லாம் நான் எடுத்துக்கூடப் பாக்கறதில்லீங்கப்பா’ன்னு சொல்லிட்டுப் போறா. நான் என்ன திட்டவா செஞ்சேன்? பாத்துப் போ சாமின்னுதானே சொன்னேன்? பத்திரம்னு சொல்றதுலகூடவா அளவு இருக்குது, டீச்சர்? எனக்கு ஒண்ணுமே புரியலீங்க.”

பெனிட்டா மேஜைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“சென்சாரை எங்க வெச்சா உங்க மனசுக்கு நிம்மதியோ, அங்க வெச்சுடுங்க சார். இனிமே மாத்த வேண்டாம்.”

மருதாசலம் அதைப் பின்னால் தள்ளினார். போதாது என்று தோன்றியது. வளைவு வரை தள்ளினார். அப்போதும் போதவில்லை. தண்டவாளம் வட்டமாயிற்றே, தள்ளத் தள்ள அது மேஜையைச் சுற்றிக்கொண்டு சாலையின் மறுபக்கத்துக்கே வந்து, அணைக்கும் சென்சாரை ஒட்டி நின்றது. அங்கேயே ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டு ரயிலை விட்டார்.

ரயில் சாலையைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. அணைந்த வேகத்தில் மறுபடி மின்ன ஆரம்பித்தது. ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

“இப்பத்தானுங்க பத்திரம்” என்றார்.

பெனிட்டா ஒரு சின்ன மஞ்சள் காரை அவர் கையில் கொடுத்தாள்.

“இதை அந்தப் பக்கம் கொண்டு போங்க.”

காரைச் சாலையில் வைத்து, விளக்குக் கம்பத்தருகே நிறுத்தினார். ரயில் போகட்டும் என்று காத்திருந்தார். போயிற்று. விளக்கு மின்னியது. இன்னொரு சுற்றும் வந்து போயிற்று. அப்போதும் மின்னியது. அவருக்குக் கை பரபரத்தது. தலையைத் தூக்கி ரயில் எங்கே என்று பார்த்தார். எதிர்க்கோடி வளைவில் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று காரைத் தள்ளி அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்.

“விளக்கு எரியுதே, சார்.”

“அது எப்பவும்தானுங்க எரியுது. ரயிலு அந்தக் கோடியில கெடக்குது. கண்ணால பாத்துட்டுத்தான் தாண்டினேன்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. விளக்கைப் பார்த்தார். காரைப் பார்த்தார். போனை எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏதோ பிடிபடுவது போலிருந்தது. அடுத்த கணம் அதுவும் நழுவிப் போயிற்று.

“அப்பொறம் வெளக்கு எதுக்குத்தானுங்க, டீச்சர்?”

பெனிட்டா ஈயம் பற்றவைக்கும் கோலை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

“அணையறதுக்கு, சார்.”