கீரி விற்ற பத்திரம்

வரட்டாற்றுக் காட்டில் குன்றிமணிதான் காசு. ஒரு வருடம் வெளிக்காட்டுப் பறவைகள் மூட்டை மூட்டையாகக் குன்றிமணி கொண்டுவந்து, அங்கே விளைந்த பழங்களையெல்லாம் வாங்கிப் போயின. எல்லார் கையிலும் மணி! வாங்கத்தான் பொருள் இல்லை. ஒரு மணிக்கு விற்ற தேனடைக்குக் கரடி மூன்று மணி கேட்டது.

"அநியாயமா இருக்கே!" என்று சீறியது செம்பன் என்ற கீரி.

"உனக்கு வேண்டாம்னா நகரு! பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க" என்றது கரடி.

செம்பனுக்கு வேறு கவலையும் இருந்தது. அதன் வளை ஆற்றோரத்தில். மழைக்காலம் வந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து குட்டிகள் நனைந்து நடுங்கும். மேட்டில் முள்ளம்பன்றி தோண்டி விற்கும் வளை ஒன்றை வாங்க, செம்பனும் மனைவி மயிலியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நூறு மணி சேர்த்திருந்தன. முள்ளம்பன்றியோ விலையை நூற்றைம்பதுக்கு ஏற்றிவிட்டது!

அப்போது அரசி யானை ஓர் அறிவிப்புச் செய்தது. "நூறு மணி கொடுங்கள், ஓலைப் பத்திரம் தருகிறேன். வருடத்துக்கு ஐந்து மணி வட்டி. மூன்றாம் வருட முடிவில் நூறும் திரும்ப வரும்!"

செம்பன் முதல் ஆளாய் ஓடிப்போய் ஒரு பத்திரம் வாங்கியது. காடே வாங்கியது. மணியெல்லாம் அரசியின் குகைக்குள் போயிற்று. கையில் மணி குறைந்ததும் சந்தையில் வாங்குவோர் குறைந்தார்கள். கரடி முனகிக்கொண்டே தேனை இரண்டு மணிக்கு இறக்கியது. வளை விலையும் இறங்கிற்று.

அந்த வருடத்து வட்டி ஐந்து மணியும் ஒழுங்காக வந்தது. செம்பன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது.

ஆனால் பறவைகள் மறுபடியும் மூட்டையோடு வந்தன; விலைகளும் ஏறின. அரசி இந்த முறை புதுப் பத்திரம் போட்டது. வட்டி பத்து!

முள்ளம்பன்றி கடன் கேட்டு, வட்டிக்கு மணி கொடுக்கும் பெருச்சாளியிடம் போனது. "அரசியே பத்து தர்றாங்க. உனக்கு நான் எட்டுக்குத் தரணுமா? பன்னிரண்டு!" என்றது பெருச்சாளி.

புது வட்டியைக் கேள்விப்பட்டதும் செம்பன் தன் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடியது. "இது இப்போ எவ்வளவுக்குப் போகும்?"

ஓலை வாங்கி விற்கும் மரநாய் கொட்டாவி விட்டது. "தொண்ணூறு."

"நூறு கொடுத்து வாங்கினேனே!"

"புதுசு வாங்கினா பத்து மணி வட்டி. உன்னோடது அஞ்சுதானே தரும்? அதை யாரு நூறு கொடுத்து வாங்குவா?"

செம்பனுக்கு வால்முடி முழுக்கச் சிலிர்த்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து புலம்பியது. "பத்து மணி போச்சு!"

"எங்கே போச்சு? பத்திரம் உங்க கையிலதானே இருக்கு?" என்றது மயிலி. "நாம விக்கப் போறதில்லையே! கெடு வந்தா அரசி நூறு தரப் போறாங்க. நடுவுல அது என்ன விலைக்குப் போனா நமக்கென்ன?"

நியாயம்தான். ஆனாலும் செம்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் சந்தை, பொழுது சாய்ந்தால் சந்தை. விலை கேட்காமல் அதற்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மரநாய் மெல்லச் சொன்னது, "எண்பத்தெட்டு. நாளைக்கு எழுபதுன்னு பேச்சு. இன்னிக்கே கொடுத்தா எண்பத்தஞ்சு தர்றேன். பழகின முகமாச்சே!"

செம்பன் விற்றுவிட்டது. "புதுப் பத்திரமாவது வாங்குங்களேன்!" என்று மயிலி கெஞ்சியது. "ஓலை வாசனையே ஆகாது!" என்று சொல்லி, வட்டியோடு சேர்த்துத் தொண்ணூறு மணியையும் வளைக்குள் புதைத்து, அதன்மேல் படுத்துக்கொண்டது.

அடுத்த வருடம் பறவைகள் வரவில்லை. மணியெல்லாம் குகைக்குள்! சந்தையில் ஈ காக்கை இல்லை. பழம் அழுகியது. முள்ளம்பன்றி தோண்டுவதையே நிறுத்திவிட்டது. உடனே அரசி குகையைத் திறந்தது. "பத்திரங்களை நானே வாங்கிக்கொள்கிறேன்! இனிப் புதுப் பத்திரத்துக்கு வட்டி மூன்றுதான்!"

மணி மறுபடி காட்டுக்குள் பாய்ந்தது. பெருச்சாளி வட்டியைப் பாதியாகக் குறைத்தது. மூன்று தரும் ஓலைகளுக்கு நடுவே, ஐந்து தரும் பழைய ஓலைக்கு மவுசு வந்துவிட்டது. செம்பனின் கண்ணெதிரிலேயே மரநாய் அந்த வருடத்து வட்டியையும் வாங்கிக்கொண்டு, அதே பத்திரத்தை அரசியிடம் நூற்றிரண்டுக்கு விற்றது!

கையில் மணி புரண்டதும் வளை விலையும் ஏறத் தொடங்கியது. "நூற்றுப் பத்து. கடைசி விலை!" என்றது முள்ளம்பன்றி.

மயிலி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தது. பத்திரம் நூற்றிரண்டு, இரண்டு வருட வட்டி பத்து. நூற்றுப் பன்னிரண்டு இருந்திருக்கும்! "உங்க மரநாய்க்கு மேட்டுல ஒரு வளை வாங்கிக் கொடுத்துட்டீங்க" என்றது. அந்தச் சொல் செம்பனைச் சுட்டது.

தொண்ணூறு மணிக்கு மேட்டில் பாதி தோண்டிய வளைதான் கிடைத்தது. அந்த மழைக்காலத்தில் குட்டிகள் நனையவில்லை. ஆனால் செம்பனின் வால் மட்டும் இரவெல்லாம் வெளியே நனைந்துகொண்டிருந்தது.

கெடு வரை வைத்திருக்க வாங்கிய பொருளுக்குத் தினமும் விலை கேட்டு மிரள்பவன், தன் இலாபத்தைத் தானே பிறருக்குத் தாரை வார்க்கிறான்.