நூறு இலையும் பத்தொன்பது இலையும்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. கூரை கிடையாது, கரும்பலகை கிடையாது. ஒரு பெரிய பாறையின் நிழலும், நிழலுக்குக் கீழே கொஞ்சம் மணலும்தான் பள்ளிக்கூடம். அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தது முள்ளி என்ற முள்ளம்பன்றி. முயல், எலி, சருகுமான் வீட்டுக் குட்டிகள் எல்லாம் அவளிடம்தான் படித்தன.

முள்ளி வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்ல மாட்டாள். தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களை ஒரே நீளமாக நறுக்கி, குட்டிக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தாள். அதுதான் அளவுகோல். களிமண்ணைப் பிசைந்து வீடு கட்டு, பெட்டி செய், பாலம் போடு. செய்ததை முள்ளை வைத்து அளந்து பார். அவ்வளவுதான் அவளுடைய பாடம். "நான் சொன்னேன்னு எதையும் நம்பாதீங்க. அளந்துட்டு நம்புங்க" என்று நாளுக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை, பயந்த சுபாவம். உடம்பு முழுக்க ஈட்டியை வைத்துக்கொண்டு என்ன பயம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். பெரிய இடத்தில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், முள்ளிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேட்டுப் புல் எல்லாம் கருகிப்போய், வற்றிய ஏரியின் நடுவில் ஈரம் இருந்த இடத்தில் மட்டும் பச்சை மிஞ்சியது. அடுத்த மழை வரும்வரை மேய்கிற பிராணிகளுக்கு அதுதான் சாப்பாடு. அதைப் பங்கு பிரிக்கக் காட்டின் தலைவரான திமிலர் என்ற காட்டெருமை, நரியைச் சர்வேயராகப் போட்டார். நரி புல் தின்னாது, ஆகையால் யார் பக்கமும் சாயாது என்று எல்லாரும் நம்பினார்கள். காட்டெருமைகள் மேயும்போது புல்லுக்குள்ளிருந்து தெறித்து ஓடுகிற ஓணானும் வெட்டுக்கிளியும்தான் நரிக்குத் தீனி என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நரி காட்டுக்கொடிகளை அறுத்துவந்து, எல்லார் கண் முன்னாலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தலைவரின் காலடியால் அளந்து வெட்டியது.

"குடும்பத்துக்கு ஒரு கொடி. ஒவ்வொரு கொடியும் நாற்பது காலடி. கொடியை வளைச்சுப் போட்டா, உள்ளே இருக்கிற புல் உங்களுது. இதுல பெரியவங்க சின்னவங்கங்கிற பேச்சே இல்லை."

கூட்டம் தலையாட்டியது. காட்டெருமைக்கு ஏரியின் நடுவே, நான்கு பக்கமும் சமமாகக் கொடியை வளைத்துக் கொடுத்தது நரி. முயலுக்கும் சருகுமானுக்கும் கரையோரமாக, நீட்டமாக, ஒரே ஒரு காலடி அகலத்தில் வளைத்துக் கொடுத்தது. நீங்கள் ஓடுகிறவர்கள், உங்களுக்கு நீளம்தான் வசதி என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னது. முயல்கள் அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போயின. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சருகுமான் வீட்டில் பொட்டு என்று ஒரு குட்டி இருந்தாள். அவளுக்குத் தம்பி பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்குப் பால் சுரக்கப் புல் வேண்டும். புல் எத்தனை நாளைக்கு வரும் என்று பொட்டு கரையில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு என்னவோ இடித்தது. மறுநாள் பள்ளிக்கு வந்ததும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள்.

"டீச்சர், கொடி சமமா இருந்தா, உள்ளே இருக்கிற புல்லும் சமமாத்தானே இருக்கும்?"

"கட்டிப் பார்த்துடலாமே" என்றாள் முள்ளி. அவளுக்கு அதன் விடை உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் கையால் வரட்டும் என்று சும்மா இருந்தாள்.

ஒரு காலடிக்கு ஒரு முள் என்று வைத்துக்கொண்டார்கள். நாற்பது முள் நீளத்துக்கு ஒரு கொடி வெட்டினார்கள். மணலில் முதலில் காட்டெருமையின் வயல், பக்கத்துக்குப் பத்து முள். அரிசி என்ற எலிக்குட்டி தேக்கிலைகளைப் பல்லால் கத்தரித்து, முள் நீளம் முள் அகலம் உள்ள சதுரங்களாக்கித் தள்ளினான். பொட்டு அவற்றை ஓட்டை விழாமல் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பினாள். நூறு இலை பிடித்தது.

பிறகு அதே கொடியை எடுத்துச் சருகுமான் வயலாக நீட்டிப் போட்டார்கள். நீளம் பத்தொன்பது முள், அகலம் ஒரு முள். இலையைப் பரப்பினால் பத்தொன்பதோடு முடிந்துவிட்டது.

அரிசி தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டான். இலை பெரிதாகப் போயிருக்கும் என்று சொல்லி, சதுர வயலிலிருந்தே பத்தொன்பது இலையை எடுத்துவந்து மறுபடி அடுக்கினான். சரியாக அடங்கிற்று. சதுரத்தில் எண்பத்தொன்று மீதி கிடந்தது. மூன்று தடவை எண்ணினார்கள். மூன்றாவது தடவை முள்ளியும் கூடவே உட்கார்ந்து எண்ணினாள்.

அன்றைக்கு முள்ளிக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தன் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைவரின் சபையில் போய் இதைக் காட்டப்போகிறோம் என்று பொட்டு சொன்னபோதுதான் அவள் கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினாள்.

இந்தச் சங்கதி நரியின் காதுக்கும் எட்டிவிட்டது. சபை கூடுவதற்கு முதல் நாள் மத்தியானம் அது பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மிரட்டவில்லை, பல்லைக்கூடக் காட்டவில்லை. பாறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, நல்ல நிழல் என்று மெச்சியது. தலைவர் வீட்டுக் கன்றுகள் வெயிலில் வாடுகின்றன, அவற்றுக்கு இப்படி ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றது.

"பிள்ளைங்க விளையாட்டை விளையாட்டுன்னு சொல்லிட்டீங்கன்னா போதும், டீச்சர். அப்புறம் இந்தப் பாறை என்னைக்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான்."

நரி போன பிறகு முள்ளி தனக்குத்தானே நிறைய சமாதானம் சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போய்விட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இந்த வருஷம் எப்படியோ ஓடிவிடும், அடுத்த வருஷம் படித்த பிள்ளைகளே கேட்டுக்கொள்வார்கள். அவளோ கிழங்கு தோண்டித் தின்கிறவள்; புல் பிரச்சினை அவள் வீட்டு வாசலுக்கு வராது. இதை மட்டும் அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் சபையில் பொட்டுவும் அரிசியும் மணலைக் கொட்டி, எல்லாரும் பார்க்க இரண்டு வயலையும் கட்டினார்கள். கொடி ஒன்றுதான் என்று காட்டினார்கள். இலையை அடுக்கி, பொட்டு குரல் நடுங்காமல் எண்ணினாள். முயல்கள் எழுந்து நின்றுவிட்டன. காட்டெருமைக் கூட்டத்திலேயே இரண்டு தாய் எருமைகள், குட்டி சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று முணுமுணுத்தன.

திமிலர் குனிந்து அந்த இலைகளை முகர்ந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, கணக்குத் தெரியாதவர்.

"எனக்கு இதெல்லாம் புரியாது. நரி ஒண்ணு சொல்லுது, குட்டி ஒண்ணு சொல்லுது. கணக்குப் படிச்சவங்க இந்தக் காட்டுல ஒருத்தங்கதான். டீச்சர் சொல்லட்டும். சரின்னா, இப்பவே பிரிச்சு மாத்திப் போடச் சொல்றேன்."

எல்லாரும் முள்ளியைப் பார்த்தார்கள். பொட்டு சிரித்த முகத்தோடு பார்த்தாள். நரி பாறை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, ஒரே ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. 'சரி' என்ற அந்தச் சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

"அது பிள்ளைங்க விளையாட்டுக்குச் செஞ்சது" என்றாள் முள்ளி. "மண்ணுல கட்டுறது வேற, நிலம் வேற."

"நீங்களும்தானே எண்ணினீங்க, டீச்சர்?" என்று பொட்டு கேட்டாள்.

"எண்ணினதுல தப்பு இருந்திருக்கும்."

சபை கலைந்தது. பெரியவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று பொட்டுவின் அம்மா அவளை வழி நெடுக முட்டி முட்டி அழைத்துப் போனாள். அரிசி மணலை அள்ள நின்றான். அள்ளி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியதோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டுப் போனான்.

கரையோரப் புல் மூன்று வாரத்தில் தீர்ந்தது. நடு ஏரியில் முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தது. தின்றது போக மிதித்தது பாதி. முயல்கள் மலையைத் தாண்டிப் புல் தேடிப் போயின. போனதில் பாதி திரும்பவில்லை. பொட்டுவின் அம்மா காய்ந்த சருகைத் தின்று பார்த்தாள், பால் வற்றிவிட்டது. இதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. துள்ளி ஓடப் பழகிக்கொண்டிருந்த அந்தத் தம்பி ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பத்தாவது நாள் மழை கொட்டியது.

நரி சொன்ன சொல் தவறவில்லை. பாறை பள்ளிக்கூடத்துக்கே இருந்தது. மழை விட்டதும் முள்ளி மணலைப் பெருக்கி, புதுக் களிமண் குழைத்துவைத்துக் காத்திருந்தாள். முன்னே இருபது குட்டிகள் வந்த இடத்துக்கு ஐந்து வந்தன. அம்மா போகச் சொன்னதால் பொட்டுவும் வந்தாள்.

முள்ளி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். என்னென்னவோ பேச நினைத்தாள். கடைசியில் பாடத்தையே எடுத்தாள். ஒரு மண் பெட்டியையும் சின்னச் சின்ன மண் கட்டிகளையும் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பெட்டிக்குள்ளே எத்தனை கட்டி பிடிக்கும், பொட்டு? அடுக்கிப் பார்த்துச் சொல்லு, கண்ணு."

பொட்டு கட்டியைத் தொடவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"எத்தனைன்னு சொல்லணும், டீச்சர்? நீங்க சொல்லுங்க, அதையே சொல்லிடறேன்."

மற்ற நான்கு குட்டிகளும் பெட்டியைப் பார்க்கவில்லை. முள்ளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

நீதி: உண்மையை அளக்கக் கற்றுக்கொடுத்தவரே சபையில் கேட்கும்போது அதை மறுத்தால், பள்ளிக்கூடம் மிஞ்சலாம், பாடம் மிஞ்சாது.